மாடு கட்டுகிற வளையம்

சாய்ந்தமருதில் பக்கீர் முகைதீனின் பட்டறைக்குப் போய், உடைந்த சாமானைக் கீழே போட்டு, "ஒரு பொட்டு வச்சுத் தாவன்" என்று கேட்டால் அவன் முடியாது என்று சொல்லமாட்டான். சைக்கிள், தையல் மெசின் கால், மீன்பெட்டி வண்டி எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். பொட்டு என்பது இரண்டு இரும்பும் விலகாமல் இருக்க முதலில் தொட்டுவைக்கிற சின்ன ஒட்டு. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஊராருக்கோ அந்தப் பொட்டே போதும். நெருப்புப் பறந்தது, இரண்டும் சேர்ந்தது, வேறென்ன வேண்டும்? "இன்னும் ஒட்டோணும், நாளைக்கு வாங்க" என்று அவன் வாயெடுப்பதற்குள் சாமான் தெருவுக்குப் போயிருக்கும். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்ததை எடுப்பான். இவனைப் படைத்தவன் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

அவன் ஒட்டு வேலைக்கு வந்ததே ஒரு சொல்லால்தான். அவனுடைய வாப்பா நாவிதன்வெளிப் பக்கத்து வட்டையொன்றில், பெரிய வயல்வெளியில், பயிரைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரராக இருந்தவர். அந்த வட்டையில் ஒரு வழக்கம். நெல்லை அடித்துத் தூற்றி அளந்து முடியும்வரை களத்தில் நின்று சில சொற்களைச் சொல்லக் கூடாது. முடிந்தது, காணாது, இல்லை, நிறுத்து, அறுந்தது, செத்தது, இவை ஒன்றும் ஆகாது. கெட்ட சொல் விழுந்த களத்தில் நெல் குறைந்துபோகும் என்று நம்பினார்கள். கயிறு அறுந்தால் "கயிறு பொலிஞ்சிட்டு" என்பார்கள். குடத்தில் தண்ணீர் தீர்ந்தால் "தண்ணி பொலிஞ்சிட்டு". நெல் உண்மையாகவே மலைமலையாகக் குவிந்தாலும் அதற்கும் பொலிதான். யாராவது ஒருவர் பொலி என்று வாய்திறந்தால் களத்தில் நிற்கிற அத்தனை பேரும் "பொலியோ பொலி" என்று குரல் கொடுக்க வேண்டும்.

ஒரு வருடம் களைப்பில் வாப்பாவுக்கு வாய் தவறிவிட்டது. "சாக்கு முடிஞ்சுது" என்றுவிட்டார். அந்தமுறை விளைச்சலும் குறைவு. பூச்சி விழுந்ததும் மழை பிந்தியதும் ஒருவருக்கும் நினைவில்லை, வாப்பாவின் வாய் மட்டும் நினைவிருந்தது. அடுத்த போகத்துக்கு அவர் இருந்த வாடியில், அந்த வயல் குடிசையில், வேறொருவர் குடியிருந்தார். வாப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்தான், கதைப்பதையே விட்டுவிட்டார். உப்புக் குறைந்தால்கூடச் சொல்லமாட்டார், சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார். பக்கீர் கல்லோயாப் பக்கம் ஒரு பட்டறையில் போய்ச் சேர்ந்து தொழில் பழகினான். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்துக் கரையோரத்துக் கூரைகளெல்லாம் பறந்த பிறகு ஊருக்கு வந்தான். ஒட்ட வேண்டிய இரும்பு ஊர் முழுக்கக் கிடந்தது, இங்கேயே இருந்துவிட்டான்.

தங்கச்சி ஹாஜறாவுக்குப் பொத்துவிலில் மாப்பிள்ளை பார்த்தது அவன்தான். மாப்பிள்ளையின் பெயர் றவூப். கடற்கரைப் பிள்ளை, உழவு மெசின் ஓட்டத் தெரியும். நாலு பேர் கூடினால் சிரிப்புக் காட்டிக்கொண்டே இருப்பான். நம் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே வந்து குடியிருந்தான். வாப்பாவுக்குப் பிறகு வாயடைத்துக் கிடந்த வளவில் மறுபடி ஆள் சத்தம் கேட்டது. ஹாஜறா சிரிக்கிற சத்தத்தைப் பட்டறையில் இருந்தே கேட்டுக்கொண்டு பக்கீர் வேலை செய்வான். அதில் அவனுக்கு அவ்வளவு சந்தோசம்.

மச்சானுக்கு வேலை தேடிக் கொடுத்ததும் பக்கீர்தான். அப்துல் கபூர் போடியாரிடம் கேட்டான். வாப்பா முன்பு வேலைபார்த்த அதே வட்டையின் சொந்தக்காரர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தன் சாமானைப் பற்றி அடுத்தவன் ஒரு சொல் சொல்லப் பொறுக்கமாட்டார். அவருடைய மெசினை றவூப் ஓட்டத் தொடங்கினான். நெல்லடிக்கிற முதல் சூடடிப்பிலேயே களத்தில் நின்று, "போடியார், சாக்குக் காணாது" என்று உரத்துச் சொல்லிவிட்டான். களத்தை நடத்துகிற சீனித்தம்பிக் காக்கா கையில் இருந்த கம்போடு துரத்தினாராம். பக்கீர் கேள்விப்பட்டான். அன்றே மச்சானைப் பிடித்து உட்கார்த்தினான்.

"மச்சான், களத்துக்க வாயத் தொறந்தா பொலி எண்டு மட்டும் சொல்லுங்க. அது நல்ல சொல்லு. வேற ஒண்டும் ஒங்கட வாயில வரப்படா."

"அப்ப சோறு வேணுமெண்டா?"

"அதுக்கும் பொலிதான்."

றவூப் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றுமுதல் வீட்டில் ஹாஜறாவிடம் தேத்தண்ணி கேட்பதற்கும் "பொலி" என்பான். பொலிக்கு இன்னொரு பக்கம் இருப்பதை, அறுந்தால் உடைந்தால் செத்தால் அதற்கும் அதே சொல்தான் என்பதை, பக்கீர் சொல்லிக்கொடுக்கவில்லை. பயத்தில் பாதியைச் சொன்னவனுக்கு மீதியைச் சொல்ல நினைவு வரவில்லை.

இனி அந்த வளையத்துக்கு வருவோம்.

கபூர் போடியாரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. சேறு, மணல், வரம்பு எதையும் பார்க்காமல் ஏறும். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் மாட்டை வட்டையில் இருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. மாட்டை ஜீப்புக்குப் பின்னால் கட்டி மெல்ல நடத்திவர ஒரு வளையம் வேண்டும் என்றார். பெருநாள் அவசரம். வீடு கட்டுகிற கம்பித் துண்டொன்று பட்டறையில் கிடந்தது. பக்கீர் அதை வளைத்து, ஜீப்பின் பின்பக்கத்துப் பம்பர்த் தகட்டில் வைத்து ஒட்டினான். அடிச்சட்டம் என்பது வண்டியின் முதுகெலும்பு, தகடு வெறும் தோல். தோலில் தைத்த வளையம் அது. மாட்டுக்கு அது தாராளம்.

"போடியார், இது மாடு கட்டத்தான். இதுல ஒண்டையும் இழுக்கப்படா" என்றான்.

"ஓம், ஓம்" என்றார் கபூர்.

மாடு வந்தது, குர்பான் கொடுத்தாயிற்று, எல்லாரும் இறைச்சி தின்றார்கள். வளையம் மட்டும் ஜீப்பிலேயே இருந்துவிட்டது. வண்டியின் பின்னால் ஒரு வளையம் தொங்கினால் நம் ஆட்களின் கை சும்மா இருக்குமா? முதலில் விறகுக் கட்டை இழுத்தார்கள். பிறகு மணலில் புதைந்த வேன். அதற்குப் பிறகு கரைக்கு ஏற மறுத்த தோணி. ஒவ்வொரு தடவையும் வளையம் தாங்கியது. தாங்கிய ஒவ்வொரு தடவையும் பக்கீருக்குப் பயம் கூடியது. "நேத்துத் தாங்கினதுதானே!" என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? இரும்பு ஒரேயடியாக உடைவதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, ஒருநாள் மொத்தமாக விடும். அதைக் கண்ணால் காட்ட முடியாது.

காட்டக்கூடியதும் ஒருநாள் வந்தது. ஜீப்பின் அடியில் வேறொரு வேலைக்காகக் குனிந்தபோது, ஒட்டின் ஓரத்தில் துருப்பிடித்த கோடொன்று மயிரிழையாய் ஓடுவதைக் கண்டான். விரலை வைத்துக் காட்டினான். கபூர் குனிந்து பார்த்துவிட்டு, "துரு பிடிச்சிருக்கு, பெயின்ற் அடிப்பம்" என்றார். அடுத்த கிழமை வளையம் சிவப்பாக மின்னியது. கோட்டைக் காணவில்லை.

பக்கீர் தன்பாட்டில் ஒரு நல்ல கொழுக்கி செய்தான். தடித்த தகடு, அடிச்சட்டத்தோடு சேர்த்து முறுக்க ஆணிகள், எல்லாம் ஒழுங்காக. செய்து பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டிவைத்தான். ஜீப்பை ஒருநாள் விட்டால் போதும், வளையத்தை வெட்டியெறிந்துவிட்டு இதைப் பூட்டிவிடலாம். கேட்கிற நேரமெல்லாம் கபூர் "சூடடிச்சு முடியட்டும், இன்ஷா அல்லாஹ்" என்பார். சூடடித்து முடியும், விதைப்பு வரும். விதைப்பு முடியும், பெருநாள் வரும். கொழுக்கியில் சிலந்தி வலை கட்டியது.

இதில் மிகவும் கொடுமை றவூப்பின் பெருமைதான். சந்தியில், தேத்தண்ணிக் கடையில், களத்தில், எங்கே போனாலும் அதே கதை. "எங்கட மச்சான்ட ஒட்டு! கப்பலையும் இழுக்கும்." பக்கீர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அப்பிடிக் கதைக்காதீங்க மச்சான், அது மாட்டுக்குப் போட்டது" என்பான். அது மச்சானின் அடக்கம் என்று றவூப் அதையும் சேர்த்துப் புகழ்வான்.

ஹாஜறாவுக்கு மட்டும் அண்ணனின் பயம் பிடிபட்டிருந்தது. சோறு போட்டுக்கொண்டே கேட்பாள்.

"போடியார்ட்டச் சொல்லிட்டீங்களா காக்கா?"

"சொன்னன்."

"எப்பிடிச் சொன்னீங்க? கெஞ்சினீங்களா, கண்டிச்சுச் சொன்னீங்களா?"

அவன் சோற்றைப் பிசைவான்.

"இவரு ஒருத்தர்ர பேச்சையும் கேக்கமாட்டாரு. ஒங்கட பேச்சக் கேப்பாரு. அறும் எண்டு முகத்துக்கு நேர சொல்லுங்க காக்கா. எனக்குச் சத்தியம் பண்ணித் தாங்க."

"சொல்றன்" என்று சத்தியம் பண்ணினான்.

எண்பத்திரண்டாம் வருடத்துப் பெரும்போகம். அறுவடை முடிந்து, வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெய்யக்கூடாத மழை வானத்தில் இறங்கி நின்றது. பகல் சாப்பாட்டுக்கு முன்பு கபூரின் வயல்காரன் ஒருவன் சைக்கிளில் பட்டறை வாசலில் வந்து குதித்தான். களத்து ஓரத்தில் மெசின் இழுவைப் பெட்டியோடு புதைந்துவிட்டதாம். போடியார் ஜீப்பால் இழுக்கப் போகிறாராம். கம்பிவடம் கேட்டு அனுப்பியிருக்கிறாராம்.

கம்பிவடம் பக்கீரின் காலடியில்தான், சாக்குக்குக் கீழே கிடந்தது. அவன் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, "வடம் இல்ல" என்றான். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவனுக்கு இல்லை என்று சொன்னான். ஒரு ஆறுதல் வந்தது. வடம் இல்லாவிட்டால் இழுவை எங்கே?

"பரவால்ல" என்றான் வந்தவன். "சீனித்தம்பிக் காக்காட வாடியில தோணிக்காரன்ட நைலோன் கயிறு கிடக்கு. அத மடிச்சுக் கட்டுவம்." சொல்லிவிட்டுத் திரும்பிச் சைக்கிளை மிதித்தான்.

பக்கீர் வடத்திலிருந்து காலை எடுத்தான். கம்பிவடமாவது நீளாது. நைலோன் கயிறு இழுக்க இழுக்க நீண்டுகொடுக்கும், வளையம் விட்டால் அதைக் கவணில் வைத்த கல்லைப்போல எதிர்ப்பக்கம் எறியும். அந்த எதிர்ப்பக்கத்தில், மெசின் ஆசனத்தில், றவூப் இருப்பான். ஒரேயொரு தடவை இல்லை என்றான், அதுவும் இப்படியா ஆகவேண்டும்?

பட்டறையில் நீளச் சங்கிலி ஒன்று இருந்தது. அதை ஜீப்பின் அடிச்சட்டத்தில் சுற்றிக் கட்டினால் வளையத்தைத் தொடவே தேவையில்லை. சங்கிலியைச் சாக்கில் போட்டுச் சைக்கிளில் கட்டினான். முன்னால் போனவனைப் பிடிக்க முடியவில்லை. சங்கிலிப் பாரத்தில் சைக்கிள் ஒவ்வொரு பள்ளத்திலும் உட்கார்ந்தது. கிட்டங்கி தாண்டி வயல் பாதையில் இறங்கியதும் சேற்றில் சில்லு உருளவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுச் சங்கிலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரம்பில் ஓடினான். ஓடிக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான். அறும். அறும் போடியார். வரம்பில் நன்றாகத்தான் வந்தது.

களத்துக்குப் போகாமல் ஜீப்பிடம் போக வழியில்லை. நடுவில் அளக்காத நெல் குவியலாக, மேலே பாய் மூடிக் கிடந்தது. மழை வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று எல்லார் முகத்திலும் பதற்றம். களத்தின் தாழ்ந்த ஓரத்தில் மெசின் பின்சில்லு இரண்டும் அமிழ்ந்து நிற்க, ஆசனத்தில் றவூப் இருந்தான். எதிரே இறுகின தரையில் ஜீப், அதில் கபூர் போடியாரே இருந்தார். சிவப்பு வளையத்தில் நைலோன் கயிறு கட்டியாயிற்று.

பக்கீர் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் கால் வைத்தான். அந்த அவசரத்திலும் செருப்பைக் கழற்றினான். மிதித்ததும் அவன் வாய் அவன் வாயாக இல்லை. வாப்பாவின் மகனுடைய வாயாகிவிட்டது.

"அடே பக்கீர், நல்ல நேரத்துக்கு வந்திட்டாய்! ஒண்ட வளையம் என்ன செய்யுதெண்டு பாரு!" என்றார் கபூர். சொல்லிவிட்டு ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார். கயிறு தளர்ந்து தரையில் விழுந்தது. முன்னுக்குப் பாய்ந்து சுண்டி இழுக்கப் போகிறார். அதைவிடக் கெட்ட இழுவை உலகத்தில் இல்லை.

"போடியார்!" என்று கத்தினான். மூச்சு வாங்கியது. "வளையம் பொலியும் போடியார்! பொலிஞ்சிரும்!"

களத்துப் பேச்சில் அவன் சொன்னது சரி. வளையம் அறும், அறுந்துவிடும். இதைவிடத் தெளிவாக அந்தக் களத்தில் நின்று சொல்ல முடியாது. ஆனால் மெசின் புதைந்து, மழை இருட்டி, மனமெல்லாம் நல்ல வாக்குக்கு ஏங்கி நின்ற நேரத்தில் வந்த பொலி அது. சீனித்தம்பிக் காக்கா முகம் மலர்ந்து கம்பை உயர்த்தினார்.

"பொலியோ பொலி!"

களம் முழுவதும் திரும்பக் குரல் கொடுத்தது. "பொலியோ பொலி!"

கபூர் சிரித்தார். பக்கீர் சங்கிலியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மெசினைப் பார்த்து ஓடினான். "மச்சான், பொலியும்! மச்சான்!" அவன் ஓட ஓட, அவன் சொல்லச் சொல்ல, களம் அவனுக்கு எதிர்க்குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. றவூப் அவனைக் கண்டான். மச்சான் கையேந்தி வாக்குக் கொடுக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் முழுக்கச் சிரிப்போடு கையை ஆட்டினான்.

"பொலி மச்சான், பொலி!"

ஜீப் உறுமியது. அந்த மற்றச் சொல் பக்கீரின் தொண்டைவரை வந்தது. சீனித்தம்பிக் காக்காவின் கம்பு தெரிந்தது, பாய் மூடிய நெல் தெரிந்தது, வீட்டில் சோற்றுக்கு முன்னால் பேசாமல் இருந்த வாப்பா தெரிந்தார். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

கயிறு நிமிர்ந்து, நீண்டு, மெலிந்தது. பம்பர்த் தகடு கிழிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை அங்கு நின்ற ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவு வேகம். தகட்டுத் துண்டோடு வளையம் றவூப்பின் நெஞ்சில் வந்து விழுந்தது. அவன் ஆசனத்தில் பின்னுக்குச் சாய்ந்தான். உயர்த்திய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு மடியில் விழுந்தது.

இறக்கிக் களத்தில் படுக்கவைத்தார்கள். பக்கீர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று கன்னத்தைத் தட்டினான். சீனித்தம்பிக் காக்கா குந்தியிருந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து அளக்காத நெல்லைப் பார்த்தார். பழகிய வாய் அது, வேறென்ன சொல்லும்?

"பொலிஞ்சிட்டாரு" என்றார் மெல்ல.

அந்தப் பொலிக்கு ஒருவரும் குரல் கொடுக்கவில்லை.

மையித்தை அதே ஜீப்பில்தான் ஏற்றினார்கள், வேறு வண்டி இல்லை. கபூர் போடியார் அழுதுகொண்டே ஓட்டினார். பின்னால் மச்சானைப் பிடித்துக்கொண்டு பக்கீர் இருந்தான். மழை தொடங்கிவிட்டது. பட்டறையைத் தாண்டும்போது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுவரில் கொழுக்கி ஆணியில் தொங்குவது தெரிந்தது.

செய்தி முந்திப் போகவில்லை. ஜீப் சத்தம் கேட்டு ஹாஜறா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசல் கடப்படிக்கு வந்தாள். முதலில் பக்கீரின் முகத்தைப் பார்த்தாள். அதன்பிறகு அவன் மடியைப் பார்த்தாள். கிட்ட வந்து, ஜீப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னீங்களா காக்கா?"

பக்கீர் முகைதீன் மச்சானின் தலையை நேராக்கினான். அவள் இன்னொரு தடவையும் கேட்டாள். "அறும் எண்டு சொன்னீங்களா?"

"அறும்" என்றான் பக்கீர். "அறும் ஹாஜறா. அது அறும். அறும்."

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அது வீட்டு வாசல். அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு தடையும் இல்லை.